இரண்டு பேருக்கும் ஆட்டிசம் என்றால் கல்யாணம் கூடாதா?

திருமணஞ்சேரியில் மாலை வாங்கி வந்து பூஜை அறையில் மாட்டிவிட்டு, பையனுக்கு ஆட்டிசம் இருப்பதைப் பெண் வீட்டாரிடம் மூச்சுவிடாமல் முகூர்த்தம் குறிக்கும் குடும்பங்கள் நம் மாயவரம், கும்பகோணம் பக்கம் உண்டு. கேட்டால், "ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். ஆட்டிசம் மூளை வளர்ச்சியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. தாலி கட்டினால் அது எங்கே போகும்? "எங்கள் காலத்துக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?" என்ற பயம் நியாயமானது. அதற்காக, விவரம் தெரியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துவதைக் கல்யாணம் என்று சொல்லாதீர்கள். சம்பளம் இல்லாத வேலைக்கு ஆள் பிடிப்பது அது.

இதே ஆட்கள்தான், ஆட்டிசம் உள்ள இருவர் தெரிந்தே விரும்பி மணக்க நினைத்தால், "இரண்டும் இப்படியே இருந்தால் குடும்பம் எப்படி நடக்கும்?" என்று கையைப் பிசைகிறார்கள்.

நடக்கிறது. என் உறவில் அப்படி ஒரு தம்பதி, திருவாரூரில் தனிக்குடித்தனம். அவனுக்குக் குக்கர் விசில் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவான். ஆகவே அந்த வீட்டில் உலை வைத்து வடித்த சோறுதான். (எங்கள் பாட்டி இருந்திருந்தால் இதற்காகவே ஆசி வழங்கியிருப்பார்.) அவளுக்கு எச்சில் பாத்திரத்தின் பிசுபிசுப்பு கையில் பட்டால் உடம்பு கூசும், பாத்திரம் அவன் பொறுப்பு. எல்லாம் பொருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். மின்விசிறி முழு வேகத்தில் ஓடினால்தான் அவனுக்குத் தூக்கம். அந்த இரைச்சலில் அவளுக்குத் தலை வெடிக்கும். சித்திரை வெயிலில் இதற்கு என்ன சமரசம்? இரண்டு அறை, இரண்டு படுக்கை. ஊர் அதற்கும் ஒரு கதை கட்டியது.

இப்படி இருவர் சேர்ந்தால் வீட்டில் பேச்சே இருக்காது என்பது இன்னொரு நம்பிக்கை. டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தாமும் ஆட்டிசம் உள்ளவர், 2012-ல் இந்த வாதத்தைத் திருப்பிப் போட்டார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால், நமக்கும் அவர்களைப் புரியவில்லை, குறை இரு தரப்பிலும் இருக்கிறது. 2020-ல் கேத்தரின் கிராம்ப்டன் குழு ஒரு கதையை எட்டுப் பேர் வழியாக வரிசையாகக் கடத்திப் பார்த்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, மற்றவர்களின் வரிசைக்குச் சற்றும் சளைக்கவில்லை.

அமெரிக்காவில் ஜெரி நியூபோர்ட், மேரி என்ற தம்பதி, இருவருக்கும் ஆட்டிசம், 1994-ல் மணந்து, பிரிந்து, 2002-ல் மறுபடியும் மணந்துகொண்டார்கள். மற்றவர்கள் பிரிந்தால் ஜாதகத்தின் மேல் பழி. இவர்கள் பிரிந்தால் மட்டும் ஆட்டிசத்தின் மேலா?

உண்மையில் ஆட்டிசம் உள்ள பலரால் தாங்க முடியாதது நாம் நடத்தும் கல்யாணம்தான். காதருகே கெட்டிமேளம், கண்ணில் ஹோமப் புகை, முகத்தில் வீடியோ விளக்கு, கழுத்தில் உரசும் ஜரிகை. தவில் நமக்கு உயிர், எல்லோருக்கும் அப்படியா? 1967-ல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு, நல்ல வழி காட்டுகிறது: உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலே போதும். மேளமும் புகையும் கட்டாயம் இல்லை. அந்தத் திருவாரூர்த் தம்பதி அப்படித்தான் மணந்தார்கள். பந்தியில்கூட மைக் கிடையாது.

சம்மதம் என்றால் என்னவென்றே விளங்காத ஒருவரை மணவறையில் உட்காரவைப்பது வேறு விஷயம். அதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். சட்டமும் சுயநினைவோடு தரும் சம்மதத்தைத்தான் கேட்கிறது.

உறவுக்காரர்களுக்கு இன்னும் ஒரு மனத்தாங்கல்: வாசலில் போய் நின்றால் அந்தத் தம்பதி "வாங்க" என்று கேட்பதில்லையாம். நம் பக்கத்தில் அது பெரிய குற்றம்தான். சொல்லாமல் கொள்ளாமல் கும்பலாகப் போய் நிற்பது எந்த வகை மரியாதை? முதல் நாளே செய்தி அனுப்புங்கள். எத்தனை மணிக்கு வரலாம் என்று பதில் வரும். வேண்டாம் என்றால் அதையும் பச்சையாக எழுதிவிடுவார்கள்.