அந்த ஐந்து நிமிடம்
வாழ்க்கையில் மிகவும் பயந்த தருணம் எது என்று கேட்டதற்குப் பாம்பு, விபத்து, பேய் என்று ஆளுக்கொரு பயம் சொல்கிறீர்கள், எனக்கு மழைச் சத்தம்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களை மூடியதே, அதற்கு அடுத்த வருஷம் ஓர் அடைமழை இரவில் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் திடீரென்று செம்மண் கலங்கலாக வர ஆரம்பித்தது, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காலையில் நூல் மாதிரி இருந்த வெடிப்புக்குள் இப்போது என் விரல் போனது. அம்மா அடுப்பில் கிடந்த ரொட்டியைக்கூட எடுக்கவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு டோர்ச் வெளிச்சத்தில் கோயிலுக்கு ஓடினோம், அங்கே போய்த்தான் அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, பக்கத்து வீட்டாரோடு வரவில்லை என்று தெரிந்தது. நான் திரும்பி ஓடிய அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே! அப்பாயி சாவகாசமாக வெற்றிலைப் பையைத் தேடிக்கொண்டிருந்தார். மேடு அன்று சரியவில்லை. வெடிப்புக்குச் சீமெந்து பூசியாயிற்று, இன்னமும் அதே காம்பராவில்தான் இருக்கிறோம்.