போர்டை வீசிட்டு முங்காதீங்க!

சென்னைப் பக்கத்துக் கோவளம் பாயின்ட்ல, சர்ஃபிங் பண்ற இடத்துல, இன்னைக்கும் அதேதான். உடைஞ்ச அலையோட நுரை வந்ததும் 9 அடி சர்ஃப் போர்டைப் பக்கவாட்டுல வீசிட்டு ஒருத்தர் தண்ணிக்குள்ள முங்கிட்டார். அந்த ஒரு நொடியை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. போர்டு 9 அடி. போர்டையும் கணுக்காலையும் இணைக்கற லீஷ் கயிறு இன்னொரு 9 அடி. அதுவும் இழுபடும். ஆக, பின்னாடி 18 அடிக்குள்ள யார் இருந்தாலும் அவங்க மண்டைக்கு உத்தரவாதம் இல்ல. நுரை போர்டை வாங்குச்சு, மூக்கைத் தூக்குச்சு, குப்புறப் புரட்டுச்சு, அடியில இருக்கற மூணு ஃபின்னும் (மீன் துடுப்பு மாதிரி தகடு) மேல பார்த்தபடி கரைப் பக்கம் பாய்ஞ்சுது. அங்க படுத்துத் துழாவிட்டு இருந்தது ஒரு சின்னப் பையன். காதுக்கு ஒரு சாண் தள்ளிப் போச்சு. மேல வந்த மனுஷர் முகத்தைத் துடைச்சுட்டு அடுத்த அலையைத் தேடறார். பையனைத் திரும்பிக்கூடப் பார்க்கல!

வீசறதுக்குப் பதிலா, ரெண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடிச்சு, போர்டோட சேர்ந்து தலைகீழாப் புரளணும். நுரை மேல ஓடினதும் திரும்பப் புரண்டு எழணும். அவ்வளவுதான். சர்ஃபிங் கத்துத் தர்றவங்களே, இதைக்கூடச் சொல்லித் தராம எதுக்கய்யா ஆளைப் பாறை முனைக்குக் கூட்டிட்டு வர்றீங்க? பக்கத்துலயே மணல் தரை இருக்கே! பாறைக்கு மேல விழுந்தா தட்டையா விழணும், கால் ஊணக் கூடாதுன்னாவது சொன்னீங்களா?

கேட்டா, "பழகறவங்களுக்கு ஏத்த அலைதானே அண்ணா"ங்கறாங்க. எப்போ ஏத்தது? விடியற்காலைல, கரைக்காத்து கடலைப் பார்த்து வீசும்போது. பதினோரு மணிக்குக் கடல்காத்து ஏறிட்டா அலை முகமெல்லாம் குத்திக் கலைஞ்சுடும். தண்ணி வத்தினா பாறை மேல வந்துடும். ஐப்பசி, கார்த்திகைல வாடை அடிக்கும்போது சொல்லவே வேணாம், இழுப்பு ஆளையே நகர்த்திட்டுப் போயிடும். "ஒரு மீட்டர்தான் காட்டுது"ங்கறதும் கணக்கில்ல. அதே ஒரு மீட்டர் 7 செகண்ட் இடைவெளில வந்தா ஒரு மாதிரி, 13 செகண்ட்ல வந்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வலு. கடல் நிலவரம் சொல்ற அரசு மையமான இன்காய்ஸ் (INCOIS) தளத்துல உயரம், இடைவெளி ரெண்டு எண்ணும் இலவசமா இருக்கு. பார்த்துட்டு வந்தா என்ன?

இன்னொண்ணு, கால் வழுக்காம இருக்க போர்டு மேல பூசற இந்த வாக்ஸ் விக்கறவங்க! சென்னைக் கடல் வருஷம் முழுக்க 25 டிகிரிக்கு மேல. குளிர் தண்ணிக்குச் செஞ்ச வாக்ஸை எவன்யா இங்க விக்கறது? பூசின கால் மணி நேரத்துல உருகி வழியுது. வெப்பக் கடல் வாக்ஸ்னு அட்டைல போட்டிருக்கும், அதை வாங்கி வைங்கய்யா!