டிசம்பர் 21 முதல் காஷ்மீரின் குல்மார்க்கில் பனி உறுதியா?

"சில்லை கலான் தொடங்கும் டிசம்பர் 21 முதல் 40 நாளும் குல்மார்க்கில் பனி உறுதி. பனிச்சறுக்குக்கு இப்போதே டிக்கெட் போடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

சில்லை கலான் காஷ்மீரின் கடுங்குளிர்க் காலம், சரி. ஆனால் குளிர் வேறு, பனிப்பொழிவு வேறு. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து மேற்கத்திய இடையூறுகள் என்கிற காற்றழுத்தத் தாழ்வுகள் வந்தால்தான் அங்கே பனி கொட்டும். 2024 ஜனவரியில் அவை சரியாக வரவில்லை; மாதத்தின் பெரும்பகுதி குல்மார்க் சரிவுகள் காய்ந்த புல்லாகவே கிடந்தன. 2025 பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள்கூட, பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

அப்புறம், கோண்டோலா என்கிற கம்பிவட ஊர்தியில் ஏறிப்போகும் அஃபர்வாத் உச்சிப்பக்கம் பனி இருக்கும்போதே, புதிதாகப் பழகுகிறவர்களுக்கான கீழ்ச்சரிவு வெறுமையாக இருக்கலாம்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு ஸ்ரீநகர் வானிலை மையத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். பனிச்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்றும் கவனியுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற குடும்பங்கள் ஏமாறக் கூடாது. அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.