தலைமைப் பயிற்சிக்கு யார் வர முடிகிறது?

சமூகத் தொழில், அதாவது வருமானத்தோடு ஊருக்கும் பயன் தரும் தொழில், நடத்தும் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி என்று வேலூரில் எங்கே பேனர் கட்டினாலும் முன்வரிசையில் அதே முகங்கள்தான். மகளிர் குழுவின் ஊக்குநர், பிரதிநிதிகள், ஏற்கெனவே மைக் பிடித்துப் பழகியவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் நம்பர்தானே எல்லோரிடமும் இருக்கிறது!

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. முறத்தை மடியில் வைத்து, நனைத்த இலையைக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுகிற அந்தக் கை நின்றால் வருமானமும் நின்றது. அவரைப் போய் மூன்று நாள், காலை பத்து மணிக்கு, ஏசி ஹாலுக்கு வாங்க, சாப்பாடும் பையும் இலவசம் என்கிறோம். ஹால் வாடகைக்கு பட்ஜெட்டில் இடம் இருக்கிறது, அவருடைய மூன்று நாள் கூலிக்கு இல்லை. கூலி இழப்பைக் கொடுக்காத பயிற்சியை நியாயமானது என்று என்னால் சொல்ல முடியாது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும்.

அப்புறம் மலை. பீஞ்சமந்தை, பலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லையில் சாமையையும் புளியையும் வைத்துத் தொழில் நடத்தக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்ல திட்டம், ஆனால் கூட்டம் முடிந்து இருட்டுவதற்குள் மலையேற வேண்டுமே. 1918இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர், ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடிப்போய் சாலையோர மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். அதே ஊரில் இருந்துகொண்டு நாம் ஹாலை விட்டு நகர மாட்டேன் என்கிறோம். வாணியம்பாடி, ஆம்பூரில் உருது பேசும் பெண்களுக்குத் தமிழில் அச்சடித்த கையேட்டை நீட்டுவதும் இதே சோம்பேறித்தனம்தான்.

சரி, வந்தவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? தன்னம்பிக்கை! குழுக் கடனைத் தவணை தவறாமல் கட்டுகிறவருக்கு அது எதற்கு? சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தை இழுத்தடிக்கும் கம்பெனியிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுங்கள். உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும், தாமதித்தால் வட்டியோடு கேட்கலாம் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டமே சொல்கிறது. கேட்டும் தராவிட்டால் புகாரை எங்கே, எப்படிப் பதிவது என்பதை அவரவர் போனிலேயே செய்து பார்க்க வையுங்கள். கடன் கேட்டுப் போனால் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்று சொல்லும் வங்கி அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்பதற்கு ஒரு மதியம் முழுக்க ஒதுக்கலாம், முடிந்தால் அந்த அதிகாரிகளையும் அதே வகுப்பில் உட்கார வைக்கலாம்.