ரெண்டு பிள்ளையின்ர தாய் ஏன் பிளேனால குதிச்சவ எண்டு கேட்டவைக்கு

போன வெள்ளிக்கிழமை நான் பிளேனில இருந்து பரசூட்டோட குதிச்ச படத்தைப் போட்டாப்பிறகு லைக் போட்ட எல்லாருக்கும் நன்றி. ஆனா இன்பொக்சில வந்ததுகளைத்தான் ரெண்டு மூண்டு நாளா மனசுக்குள்ள வச்சுக்கொண்டு திரியிறன். ஒரு மாமி "ரெண்டு பிள்ளையின்ர தாய்க்கு உந்த விசர் விளையாட்டுத் தேவையோ பிள்ளை" எண்டு கேட்டிருந்தா, என்னோட படிச்ச ஒராள் "உனக்கு ஒண்டு நடந்திருந்தா அதுகள் என்ன செய்யிறது" எண்டு, இன்னொராள் அந்தக் காசுக்கு எத்தினை பிள்ளையளுக்குக் கொப்பி வாங்கியிருக்கலாம் எண்டு. காசு தம்பியின்ர, என்ர நாப்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு அவன் தந்த பரிசு, அதை விடுவம். தாய் எண்ட கதைக்குத்தான் நான் பதில் எழுதோணும்.

தம்பி வீடு சிட்னியில வென்ற்வேர்த்வில் பக்கம். அங்க இருந்து தெற்கால ஒண்டரை மணித்தியாலம் காரில போனா வூலங்கொங், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் சுவர் மாதிரி எழும்பி நிக்கிற மலை, நடுவில நீட்டுக்கு ஊர், அவ்வளவு வடிவு. அங்கதான் குதிச்சனான். தனியக் குதிக்கிறேல்ல, முதல்தரம் போற ஆக்களைத் தனிய விடவும் மாட்டினம். ரண்டம் எண்டு சொல்லுறது, பழகின இன்ஸ்ரக்ரர் ஒராள் எங்களுக்குப் பின்னால, அவரின்ர பட்டியில எங்கட பட்டியை நாலு இடத்தில கொளுவுவினம், தோளடியில ரெண்டு இடுப்படியில ரெண்டு. பரசூட்டும் ரெண்டு இருக்கு, முதலாவது சரியா விரியேல்ல எண்டா அதைக் கழட்டி விட்டிட்டு மற்றதைத் திறக்கிறது. அதுக்கும் மேல ஒரு சின்னக் கம்பியூட்டர் இருக்கு, நிலத்துக்குக் கிட்ட வந்தும் விழுற வேகம் குறையேல்ல எண்டா, ஆள் மயங்கிக் கிடந்தாலும் அது தானா ரெண்டாவதைத் திறந்துவிடும். ஆபத்தில்லை எண்டு நான் சொல்லவரேல்ல. உயிர் போகலாம் எண்டு தெரிஞ்சுதான் போறன் எண்டு படிவத்தில கையெழுத்து வைக்கேக்க கை விறைச்சது உண்மை. ஆனா ஒரு மோட்டச்சைக்கிளில புருசன் பெண்சாதி நடுவில ரெண்டு பிள்ளையள், ஒருத்தருக்கும் ஹெல்மெட் இல்லை, அப்பிடித் திருவிழாவுக்குப் போறதை நாங்கள் ஒருநாளும் விசர் எண்டு சொன்னதில்லை. பழகின ஆபத்து எங்கட கண்ணுக்குத் தெரியிறேல்ல.

சரி, ஏன் போனனான் எண்டதுக்கு வாறன்.

1990இல எனக்கு ஏழு வயசு, யாழ்ப்பாணத்தில கொக்குவில், சண்டைக் காலம். வீட்டுக்குப் பின்னால மாமரத்துக்குக் கீழ அப்பா பங்கர் வெட்டினவர், மேல பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போட்டு. சத்தத்தை வச்சே என்ன வருது எண்டு நாங்கள் சொல்லுவம், ஹெலி எண்டா ஒரு மாதிரி, குண்டு போட வாற சகடை எண்ட பிளேன் எண்டா ஒரு மாதிரி. சகடை மெதுவாத்தான் வரும், அந்த மெதுவுதான் பயம், சுத்திச் சுத்தி வந்து எங்க போடப்போகுது எண்டு தெரியாமல் இருக்கிற அந்த நேரம். அம்மா என்ர ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு வாயைத் திறந்து வச்சிரு வாயைத் திறந்து வச்சிரு எண்டுவா. அவவின்ர காதைப் பொத்த அவவுக்குக் கை இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள்ள சனத்தோட சனமா வீட்டை விட்டு இடம்பெயந்து தென்மராட்சிப் பக்கம் நடக்கேக்கயும் நான் வானத்தைப் பாத்துப் பாத்துத்தான் நடந்தனான்.

இதெல்லாம் என்னோட முடிஞ்சிருந்தா நான் பேசாமல் இருந்திருப்பன். என்ர மூத்தவள் 2014இல பிறந்தவள், ஒரு குண்டுச்சத்தம் கேட்டு அறியாள். போன வருசம் ஒருநாள் பின்னேரம் முத்தத்தில உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிக்கேக்க ஹெலி ஒண்டு தாழப் பறந்து போச்சுது, நான் அப்பிடியே விறைச்சுப்போய் நிண்டிருக்கிறன் போல, திரும்பிப் பாத்தா அவள் மேல பாக்கேல்ல, என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கொண்டு நிக்கிறாள். ஆர் இவளுக்கு இதைப் பழக்கினது? நான்தான். காணி, நகை, வீடு எண்டு எங்களிட்ட குடுக்கப் பெரிசா ஒண்டுமில்லை, இதையோ நான் அவளுக்கு முதுசமாக் குடுக்கிறது? அண்டைக்கு இரவு நான் நித்திரை கொள்ளேல்ல. தம்பி இந்தக் கதையை எடுத்தவுடன ஓம் எண்டு சொன்னதுக்கு வேற காரணம் இல்லை.

உள்ள ஏறி இருந்தா சின்னப் பிளேன், புரொப்பெல்லர். 15,000 அடிக்கு ஏறும், எங்கட நாட்டில ஆக உயரமான மலை பிதுருதலாகலையே 8,281 அடிதான். உயரம் எனக்குப் பயமாவே இருக்கேல்ல, அந்தச் சத்தம்தான், நெஞ்சுக்குள்ள வந்து இருந்துகொண்டு இரையுது, வேர்த்து ஊத்துது, பின்னால இருந்த இன்ஸ்ரக்ரர் பெடியன் ஓகேயோ ஓகேயோ எண்டு கேக்கிறான், எனக்குச் சொல்ல வாய் வரேல்ல. கதவைத் திறந்தாங்கள், கீழ வெயில் எறிக்குது, மேல அவ்வளவு குளிர், காலை வெளியில தொங்கவிட்டு தலையை அவரின்ர தோளில சாய்ச்சு வயித்தை முன்னுக்குத் தள்ளி வளைஞ்சு இருக்கச் சொன்னவை, முருகா எண்டனான், அவ்வளவுதான்.

இராட்டினத்தில வாற மாதிரி வயித்தைப் புரட்டும் எண்டு நினைச்சன், இல்லை, பிளேன் ஏற்கனவே வேகமாப் போறதால அப்பிடி வாறேல்ல. பத்துப் பன்னிரண்டு செக்கனில மணிக்கு 200 கிலோமீற்றர் வேகம், அதுக்கு மேல கூடாது, காத்து எதிர்த்துத் தாங்கிக்கொள்ளும், விழுறம் எண்டே தெரியாது, பெரிய காத்தில படுத்திருக்கிற மாதிரி. ஒரு நிமிசம் வரும். அந்த ஒரு நிமிசமும் காத்துச் சத்தம் மட்டும்தான், பிளேன் சத்தம் எங்கயோ போட்டுது, அது போனதை நான் கேட்டனான்.

பேந்து 5,000 அடியளவில பரசூட் விரிஞ்சுது, தோளில ஒரு இழுவை, அதோட எல்லாச் சத்தமும் நிண்டுபோச்சுது. நிமிந்து பாத்தா முச்சைக் கயிறு சரியாக் கட்டின பெரிய பட்டம் மாதிரி காத்தைக் குடிச்சுக்கொண்டு நிக்குது, கயிறெல்லாம் என்னில. பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில பட்டம் பாத்திருப்பியள் எல்லே, அந்தப் பட்டத்தில இருந்து கீழ பாத்தா எப்பிடி இருக்குமோ அப்பிடி. கடற்கரை, வெளிச்சவீடு, தீவுகள், வாவி எல்லாம் காலுக்குக் கீழ. நான் அழுதனான். ஒரு அஞ்சாறு நிமிசம், நல்லா அழுதனான். வானத்தில இருந்துகொண்டு ஒருத்தருக்கும் பயப்பிடாமல் அழுதது அதுதான் முதல்தரம். காலைத் தூக்குங்கோ எண்டவர், தூக்கினன், புல்லில இருந்தபடி இறங்கினம்.

தாய் செய்யலாமோ எண்டு கேட்டவைக்கு ஒரு விசயம். பிளேனில இருந்து முதல்முதல் பரசூட்டில குதிச்ச பொம்பிளை ஒரு அமெரிக்கப் பிள்ளை, ஜோர்ஜியா பிராட்விக், 1913இல. அவவுக்கு அப்ப இருபது வயசு, பஞ்சாலையில வேலை செய்து கஷ்டப்பட்டவ, அதுக்கு முதலே ஒரு பிள்ளைக்குத் தாய்.

இன்பொக்சில தாங்களும் போக ஆசை எண்டு கேட்டவைக்கு: தடிமன் சளி இருந்தா போகாதேங்கோ, இறங்கேக்க காது அடைச்சு நோகும். கொஞ்சம் சாப்பிட்டிட்டுப் போங்கோ. தலைமயிரை இறுக்கிப் பின்னுங்கோ. இதயம், முதுகுப் பிரச்சினை இருந்தா டொக்டரிட்ட கேக்காமல் காசு கட்டாதேங்கோ.

மூத்தவள் வீடியோவை நாப்பது தரம் பாத்திட்டாள். என்ர அம்மா மட்டும் பாக்கமாட்டன் எண்டு நிண்டவ. நேற்று இரவு தானா வந்து பக்கத்தில இருந்து, "சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுத் தா, பாக்கிறன்" எண்டா. நிப்பாட்டிக் குடுத்தனான்.