கறுக்கிறதுக்குக் காசு

போன கிழமை என் பார்லரில் ஒரு கலியாணப் பொம்பிளைக்கு ப்ளீச் பூசிக்கொண்டிருந்தேன். தாய் பக்கத்துக் கதிரையில் இருந்து, "இன்னும் கொஞ்சம் வெளுக்க வையுங்கோ" என்று மூன்றாம் தடவையாகச் சொல்கிறார். அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகளின் குரல் செய்தி. கை முழுக்கக் கிறீம், ஸ்பீக்கரில் போட்டேன்.

"சித்தி, நீங்கள் பார்லர் வைச்சிருக்கிறீங்கள்தானே, ஒரு நல்ல டேனிங் சலூனை எப்பிடிப் பார்த்துத் தெரிவு செய்யிறது?"

"அது என்ன சாமான்?" என்றார் தாய். லைட் வெளிச்சத்துக்குக் கீழே படுத்துத் தோலைக் கறுக்க வைக்கிற இடம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "காசு குடுத்தோ?" என்று கேட்டார். பொம்பிளை சிரித்த சிரிப்பில் ப்ளீச் மூக்குக்குள் போய்விட்டது.

பெறாமகளுக்கு வயது 19. சிநேகிதிகளோடு பெப்ரவரியில் கியூபா போகிறாளாம். குளிரில் கிடந்த தோலோடு போய்க் கடற்கரையில் இறங்கினால் எரிந்துவிடும், அதனால் முதலே சன்பெட் என்கிற அந்த லைட் கட்டிலில் நாலைந்து தரம் படுத்துத் தோலைப் பழக்கவேண்டும் என்பது கூட்டாளிகளின் ஆலோசனை.

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் கடை வைத்திருப்பவளுக்கு இந்தக் கதை புதிதல்ல. மே தொடங்கிச் செப்டம்பர் மட்டும் வெயிலில் வெந்துபோன வெள்ளைக்காரர் கற்றாழை கேட்டு வருவார்கள். போன வருஷம் ஒரு பெண் வந்தாள். நிலாவெளியில் இருந்து படகெடுத்துப் புறாத்தீவுக்குப் போய், மீன் பார்க்க இரண்டு மணித்தியாலம் முகம் குப்புற மிதந்திருக்கிறாள். முதுகு முழுக்கச் செம்பருத்திச் சிவப்பு, உடுப்பின் பட்டி இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கோடு. பின் முற்றத்துச் சட்டியில் மடல் வெட்டி வந்து தடவினேன். தோலைத் தொடமுதலே என் உள்ளங்கைக்குச் சூடு அடித்தது. வரமுதல் ஊரில் ஒரு மாதம் சன்பெட்டுக்குப் போனவளாம். அப்படி வாங்கிய கறுப்பு, வெயில் தடுக்கும் அளவு (எஸ்.பி.எஃப்.) மூன்று, நான்கு மட்டும் உள்ள கிறீம் பூசிய அளவுக்குத்தான் காக்கும். நிலாவெளி மத்தியான வெயிலுக்கு அது காணுமா?

அந்த சன்பெட்டுக்குள் எரிவது பெரும்பாலும் யூ.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிர். உள்ளே செல்களுக்குச் சேதம் வந்தபிறகு தோல் போட்டுக்கொள்ளும் குடைதான் அந்த நிறம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2009இல் சன்பெட்டைப் புகையிலையும் அஸ்பெஸ்டஸும் இருக்கிற அதே முதலாம் பிரிவில், அதாவது புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்தது. அதே வருஷம் பிரேசில் தடை செய்தது. ஒன்ராறியோவில் 2014 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களை உள்ளே விடக்கூடாது. எங்கள் பிள்ளைக்கு 19, கதவு திறந்திருக்கிறது, அதுதான் பிரச்சினை. எங்கள் நிறத்துக்குத் தோல் புற்றுநோய் வெள்ளையரைவிடக் குறைவு, அதை நான் மறைக்கவில்லை. குறைவு என்றால் இல்லை என்று ஆகாது. சுருக்கமும் கண் கேடும் எங்கள் நிறத்துக்கும் வரும்.

ஐரோப்பாவில் சன்பெட்டுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு, வெயிலின் கடுமையை அளக்கும் யூ.வி. சுட்டெண்ணில் 12. சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி எங்களுக்குச் சூரியன் நேரே உச்சந்தலையில் நிற்கும், அந்த மத்தியான வெயில் மாதிரி என்று வையுங்களேன். அந்த வெயிலில் கோணேசர் மலையில் நிற்கிற மான்கூட நிழல் தேடும். இவள் கண்ணாடி மாட்டிக்கொண்டு படுக்கப்போகிறாளாம்.

சரி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டுமே. லைட் இருக்கிற சலூன் எதுவும் வேண்டாம், ஸ்ப்ரே அடிக்கிற இடத்தைப் பார் என்றேன். டி.எச்.ஏ. என்ற ஒரு சர்க்கரைப் பொருள் மேல்தோலின் செத்த படையோடு சேர்ந்து மண்ணிறமாகும், ஒரு கிழமையில் உரிந்து போய்விடும். அடிக்கும்போது கண்ணுக்கும் மூக்குக்கும் உதட்டுக்கும் மறைப்புத் தருகிறார்களா என்று பார். கேட்காமலே தந்தால் நல்ல இடம். அந்த நிறம் வெயிலைத் தடுக்காது, கியூபாவில் சன்ஸ்கிறீம் பூசத்தான் வேண்டும்.

அப்புறம் ஒன்று. சன்பெட் கடைக்காரர் "விற்றமின் டி கிடைக்கும்" என்று தொடங்கினால் வாசலிலேயே திரும்பிவிடு. விற்றமின் டி உண்டாக்குவது யூ.வி.பி. என்ற மற்ற வகைக் கதிர், அந்த லைட்டில் அது கொஞ்சம்தான். குளிசை மலிவு. நீ பருவுக்கு டொக்சிசைக்கிளின் குடிப்பது எனக்குத் தெரியும், அந்த மருந்தோடு யூ.வி. பட்டால் தோல் சுலபமாக எரியும். என்ன மருந்து எடுக்கிறாய் என்று கேட்காமல் மாதப் பாஸ் விற்கிற இடம் சலூனே இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ப்ளீச் பிரஷ்ஷைத் திரும்பக் கையில் எடுக்க எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எங்கள் தொழிலும் அதுதானே, எதிர்ப்பக்கமாக. நான் ப்ளீச் செய்கிறேன், மறைக்கவில்லை, ப்ளீச் வந்த பெட்டியைக் காட்டிவிட்டுச் செய்கிறேன். ஆனால் அன்று அந்தத் தாய் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, "இதையும் கலந்து பூசுங்கோ, மூன்று நாளில வெளுக்குமாம்" என்றார். லேபல் இல்லை, சரக்குப் பட்டியல் இல்லை. மூன்று நாளில் வெளுக்கும் கிறீம் என்றாலே எனக்குப் பாதரசம்தான் நினைவுக்கு வரும். நிறமி உண்டாவதை அது நிறுத்தும், தோலுக்குள்ளால் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாட்டேன் என்றேன். தாய்க்கு முகம் கறுத்துவிட்டது, மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

இரவு ரொறன்ரோவிலிருந்து பதில் வந்தது. "சரி சித்தி, ஸ்ப்ரேதான். எங்கட நிறத்துக்கு எத்தினையாம் நம்பர் எடுக்கிறது?" கூடவே சலூன்காரரின் நிற அட்டையைத் தன் கைக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். ஆகக் கறுப்பு என்று கடைசிக் கட்டத்தில் போட்டிருந்த நிறம், குளிரில் வெளுத்துப்போனதாக அவள் சொல்லும் அந்தக் கையைவிட இரண்டு படி வெளுப்பு.