செம்மொழிப் பூங்காவின் வயது குறித்து

சென்னை கதீட்ரல் சாலையில் உள்ள செம்மொழிப் பூங்கா 1835-லிருந்தே இருக்கிறது என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். 1835 என்பது இந்த நிலத்தை முன்பு வைத்திருந்த மதராஸ் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கிய ஆண்டு. பூங்கா திறந்தது 2010 நவம்பரில்தான். அதற்கு முன் அங்கே இருந்தது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம். காரிலேயே தட்டை மாட்டிவிடுவார்கள், மர நிழலில் உட்கார்ந்தபடியே டிபன் சாப்பிடலாம். 2008 வரை அது நடந்தது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

சரி, எப்படி உறுதி செய்வது? 2010 நவம்பர் கடைசி வார நாளிதழ்களைப் புரட்டுங்கள், திறப்பு விழாச் செய்தி இருக்கும். அப்புறம் பெயரையே பாருங்கள்: தமிழைச் செம்மொழியாக மத்திய அரசு அறிவித்ததே 2004-ல். அருமையான இடம், அதன் வரலாறு சரியாகப் பதிவாக வேண்டும்.